அப்கிரேடு சர்டிபிகேட் கையில் இருக்கிறது, எந்த ரூட்டில் போடுவது?

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்ப்பது என் வேலை. ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட் போக, முதலாளி வெளிநாடு கிளம்பினால் டிக்கெட் போடுவதும் என் தலையில்தான் விழும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் செல்போனை நீட்டினார். "ஏனுங்க தம்பி, பிளேன்காரன் என்னமோ சர்டிபிகேட் குடுத்திருக்கிறானாமா. பிரேம் போட்டு மாட்டறதுங்களா?"

எனக்கும் அன்றைக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் ஒரு சர்டிபிகேட்டை வீணாக்கிவிட்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே விமானக் கம்பெனியில் அடிக்கடி பறப்பவர்களைக் கம்பெனி தரம் பிரித்து வைக்கும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பெயர் வைப்பார்கள். இதுதான் எலைட் ஸ்டேட்டஸ். ஏர்போர்ட் லவுஞ்சில் உட்காரலாம், கூடுதல் கிலோ கொண்டு போகலாம், வரிசையில் முன்னால் ஏறலாம். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல், சில கம்பெனிகள் உயர்ந்த தரத்துக்காரர்களுக்கு வருடத்துக்கு இத்தனை என்று எண்ணி ஒரு சலுகை தருகின்றன. எகானமி டிக்கெட் வாங்கிவிட்டு, காசு கட்டாமல் மேல் வகுப்புக்குப் போகக் கேட்கும் உரிமை அது. அதுதான் அப்கிரேடு சர்டிபிகேட். காகிதமெல்லாம் வராது, கணக்கைத் திறந்தால் ஒரு வரியாக இருக்கும்.

பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சிஸ்டம்வைடு அப்கிரேடு என்கிறது. டெல்டாவில் ரீஜனல், குளோபல் என்று இரண்டு வகை. லுஃப்தான்சாவில் இ-வவுச்சர், கத்தார் ஏர்வேஸில் கியூகிரெடிட். யுனைடெட் 2019 டிசம்பரில் பழைய சர்டிபிகேட்டுகளை எடுத்துவிட்டு பிளஸ்பாயிண்ட்ஸ் என்று புள்ளிக்கணக்காக மாற்றியது.

கோல்டு கார்டு இருந்தாலே சீட்டு மாறிவிடும் என்று நம்பிக்கொண்டு இருப்பவர்களைத் திருப்பூரிலும் கோவையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேறு, இது வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் (தரத்துக்கென்று எண்ணும் பறந்த கணக்கு) சேர்த்தால் எலைட் கோல்டு. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கும் ஏர் இந்தியாவிலும் லவுஞ்ச் கேட்கலாம், கூடுதல் மூட்டை கொண்டு போகலாம். பிசினஸ் சீட்டு கேட்க முடியாது. கூட்டணி முழுக்கச் செல்லுபடியாவது கார்டின் மரியாதைதான். சர்டிபிகேட் பெரும்பாலும் கொடுத்த கம்பெனியின் விமானத்தில் மட்டும்தான் செல்லும்.

ரயிலில் டிக்கெட் எடுக்கும்போது ஆட்டோ அப்கிரேடேஷன் என்று ஒரு கட்டம் வருமே, அதை டிக் பண்ணினால் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்குச் சில சமயம் ஏசி பெர்த் விழும். அது முழுக்க அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் பார்த்துப் போடுவது, நீங்கள் எந்த ரயிலுக்கு என்று தேர்ந்தெடுப்பதில்லை. விமானச் சர்டிபிகேட்டில் எந்தப் பயணத்துக்குக் கேட்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கிடைக்குமா என்பது உங்கள் கையில் இல்லை.

கீழ்பவானி வாய்க்காலில் பாயும் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒற்றைப்படை மதகுக்கு முறை என்று அறிவித்தாயிற்று, சரி. பவானிசாகரில் தண்ணீர் திறந்தால்தானே மடைக்கு வரும்? சர்டிபிகேட் என்பது முறை. தண்ணீர் என்பது அந்த விமானத்தில், அந்தத் தேதியில், அப்கிரேடுக்கு என்று கம்பெனி ஒதுக்கிவிடும் சீட்டு. முறையை வாங்கி வைத்துக்கொண்டு வறண்ட வாய்க்காலில் போய் நின்றால் யாரைக் குறை சொல்வது? எந்த ரூட்டில் தண்ணீர் ஓடும் என்று பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இதில் பாதி வேலை.

நான் வீணாக்கிய கதை

ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்கும். வீட்டுத் துணிக்காரர்களுக்கு அதுதான் திருவிழா. பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே வரும் என்பதால் கரூரில் பல வீடுகளில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் குடும்பத் தலைவர் இருக்க மாட்டார். அந்த வருடம் முதலாளிக்குக் கோவை, டெல்லி, ஃபிராங்க்ஃபர்ட் என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டேன். இரண்டு விமானத்துக்கும் ஒரே கம்பெனியின் எண். விலையும் குறைவு. சர்டிபிகேட்டைப் போட்டேன், உறுதியாகிவிட்டது என்று மெயில் வந்தது. பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

உறுதியானது கோவை–டெல்லிக்கு மட்டும். டெல்லியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போன விமானம் கூட்டாளிக் கம்பெனியுடையது. எண் மட்டும் இவர்களுடையது. டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஆபரேட்டட் பை' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பீளமேட்டில் ஏறி மூன்று மணி நேரம் அகலமான சீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர், டெல்லிக்குப் பிறகு ராத்திரி முழுக்கக் கடைசி வரிசைகளில் நடு சீட்டில் போயிருக்கிறார். சர்டிபிகேட்டும் கணக்கிலிருந்து போய்விட்டது.

திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. "டெல்லி வரைக்கும் மாப்பிள்ளைங்க தம்பி. அதுக்கு அக்கட்ட பந்தி பரிமாறற ஆளு," என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் நினைவில் நின்றிருக்காது.

அன்றிலிருந்து எந்த ரூட்டானாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பொடி எழுத்து வரியைத்தான். லுஃப்தான்சாவும் ஏர் இந்தியாவும் ஒன்றின் விமானத்தில் மற்றொன்றின் எண்ணைப் போட்டு விற்கின்றன. இதற்குக் கோட்ஷேர் என்று பெயர். எண் யாருடையது என்பது விற்பனை விஷயம். விமானம் யாருடையது என்பதுதான் சர்டிபிகேட்டுக்கு முக்கியம். விதிவிலக்கும் உண்டு. டெல்டாவின் குளோபல் வகையைக் குறிப்பிட்ட சில டிக்கெட்டுகளுக்கு ஏர் பிரான்ஸ், கேஎல்எம் விமானங்களிலும் போடலாம். பெங்களூரிலிருந்து பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் அவை போகின்றன, சேலம் வழியாகக் காரில் பெங்களூர் போய் விமானம் ஏறும் நம் பக்கத்து ஆட்களுக்கு அது பயன்படும். ரீஜனல் வகையை வைத்துக்கொண்டு அங்கே நின்றால் வேலைக்கு ஆகாது. அது அமெரிக்காவுக்கு உள்ளேயும் அக்கம்பக்கத்து நாடுகளுக்கும்தான்.

அந்த ஒற்றை எழுத்து

டிக்கெட்டில் எகானமி என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே எகானமி இல்லை. பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும்: ஒய், பி, எம், டபிள்யூ, கே என்று ஏதாவது ஒன்று. ஒரே சீட்டு, ஒரே சாப்பாடு, ஆனால் விலையும் விதியும் எழுத்துக்கு எழுத்து வேறு. ஒய் என்றால் முழுக் கட்டணம். மற்றவை கம்பெனியின் இஷ்டம். ஒரே எழுத்துக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு அர்த்தம் இருக்கும். டபிள்யூ என்பது பிரிட்டிஷ் ஏர்வேஸில் பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் நடு வகுப்பு), யுனைடெட்டில் சாதாரண எகானமி. அதனால் ஒரு கம்பெனியில் படித்த பாடத்தை இன்னொன்றில் ஒப்பிக்கக்கூடாது.

எழுத்து எப்படி ரூட்டோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதற்கு யுனைடெட் நல்ல உதாரணம். பிளஸ்பாயிண்ட்ஸ் வந்தபோது வைத்த கணக்கு இது. பிளாட்டினம் தரத்துக்கு 40 புள்ளி, அதற்கு மேல் ஒன்-கே தொட்டால் இன்னும் 280. குறுந்தூர விமானத்தில் ஒரு வகுப்பு மேலே போக 20 புள்ளி. நெடுந்தூரத்தில் எகானமியிலிருந்து படுக்கை சீட்டுக்குப் போக, டபிள்யூவோ அதற்கு மேலான எழுத்தோ இருந்தால் 40, அதற்குக் கீழே மலிவு டிக்கெட்டாக இருந்தால் 80. ஆக, 320 புள்ளி வைத்திருப்பவர் நல்ல எழுத்தில் வாங்கினால் எட்டு முறை போகலாம், மலிவில் வாங்கினால் நாலே முறை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது பாருங்கள்.

அமெரிக்கனில் பேசிக் எகானமி என்ற அடிமட்ட டிக்கெட்டுக்கு சிஸ்டம்வைடு அப்கிரேடே செல்லாது. யுனைடெட்டிலும் பேசிக் எகானமிக்கு இதே கதிதான்.

எந்த விமானம், எத்தனை வகுப்பு

சேலம் காமலாபுரத்திலிருந்து கிளம்பும் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் பிசினஸ் கிளாஸே கிடையாது. கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட்டும், ஷார்ஜா போகும் ஏர் அரேபியாவும் அப்படித்தான்: ஒரே வகுப்பு. நம் ஊரிலிருந்து நேரடியாக வெளிநாடு போகும் ரூட்டுகள் பெரும்பாலும் இந்தச் சர்டிபிகேட் உலகத்துக்கு வெளியே இருக்கின்றன. சர்டிபிகேட் பேசத் தொடங்குவது சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லியிலிருந்து கிளம்பும் பெரிய விமானத்தில்தான்.

பெரிய விமானத்திலும் எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஏர் இந்தியா புதுப்பித்த ஏ320 நியோவில் பிசினஸ் சீட்டு 8. டெல்லியிலிருந்து நெடுந்தூரம் போகும் அதே கம்பெனியின் ஏ350-இல் 28. எட்டு சீட்டில் நான்கைந்து பேர் காசு கொடுத்து உட்கார்ந்துவிட்டால் மிச்சத்துக்கு எத்தனை பேர் கை நீட்டுவார்கள்? இருபத்தெட்டில் கொஞ்சம் இடம் இருக்கும்.

நடுவில் பிரீமியம் எகானமி என்று ஒரு வகுப்பு வந்த பிறகு இன்னொரு சிக்கல். பல சர்டிபிகேட்டுகள் ஒரு படி மட்டுமே ஏற்றும். எகானமியில் இருப்பவரை அது பிரீமியம் எகானமியில் கொண்டுபோய் நிறுத்தும். கால் நீட்டலாம், படுக்க முடியாது. படுத்துப் போக வேண்டும் என்றால் பிரீமியம் எகானமி டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கி, அதிலிருந்து ஒரு படி ஏற வேண்டும். சில ரூட்டுகளில் அந்த வித்தியாசம் கொஞ்சம்தான் இருக்கும், அப்போது யோசிக்காமல் வாங்குவேன். அமெரிக்கனும் யுனைடெட்டும் நடுப்படியைத் தாண்டி நேராக பிசினஸுக்கு விடுகின்றன என்பது அவர்களுடைய தாராளம்.

ஐரோப்பாவுக்கு உள்ளே பறக்கும்போது மட்டும் சர்டிபிகேட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்–மிலன் மாதிரி ரூட்டில் பிசினஸ் கிளாஸ் என்பது அதே எகானமி சீட்டுதான். நடு சீட்டைக் காலியாக விட்டு, ஒரு திரை போட்டு, சாப்பாடு கொடுப்பார்கள். முதலாளி முதல் தடவை போனபோது, "திரைத்துணிக்குத்தான் காசுங்களா?" என்று கேட்டார். திரைத்துணி ஏற்றுமதி செய்கிறவர் கேட்ட கேள்வி.

ஒரு சர்டிபிகேட் எத்தனை விமானத்துக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கனில் ஒன்று போட்டால் ஒரு வழிப் பயணத்தில் மூன்று விமானம் வரை செல்லும். வேறு சில கம்பெனிகளில் ஏறி இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று. பின்னதாக இருந்தால் நீண்ட பகுதிக்கு மட்டும் போட்டுவிட்டு கோவை–மும்பையை எகானமியிலேயே தாண்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம், கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கச் சொல்வார்கள்.

தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பது

கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் அண்ணன் இருக்கிறார். அவர் திரையில் எட்டிப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். ஒரு விமானத்தைத் தட்டினால் இப்படி ஒரு வரி வரும்: ஜே9 டி5 இசட்2 ஐ0. எழுத்து வகையைக் குறிக்கும், எண் அந்த வகையில் விற்பனைக்கு இருக்கும் சீட்டு. ஒன்பது என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. திரை ஒன்பதுக்கு மேல் காட்டாது.

புதிதாகப் பார்ப்பவர் ஜே9 என்றதும் "அடேயப்பா, காலியாக இருக்கிறது" என்பார். அது முழுக் காசு கொடுப்பவருக்குக் காலி. அப்கிரேடுக்கு என்று ஒவ்வொரு கம்பெனியும் தனி எழுத்து வைத்திருக்கிறது. அமெரிக்கனில் அது சி, யுனைடெட்டில் பிஇசட். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம் இருந்தால் உங்களுக்கு இப்போது இல்லை, வெயிட்டிங் லிஸ்டில் நில்லுங்கள் என்று பொருள். பயண நாள் நெருங்க நெருங்க, இது இனி விற்காது என்று கம்பெனிக்குத் தோன்றினால் பூஜ்யம் ஒன்றாகும், இரண்டாகும். கடைசி நாளில், சில சமயம் கேட்டுக்கு முன்னால் நிற்கும்போதுகூடத் திறப்பார்கள்.

வெயிட்டிங் லிஸ்டும் முதலில் வந்தவர் முதலில் என்று நகராது. உயர்ந்த தரத்துக்காரர் முன்னால் போவார். தரம் ஒன்றானால் கம்பெனியைப் பொறுத்து டிக்கெட் எழுத்தையோ வருடக் கணக்கையோ பார்ப்பார்கள். அமெரிக்கன் கடைசி 12 மாதத்தில் யார் அதிகம் லாயல்டி பாயிண்ட் சேர்த்தார் என்று பார்க்கிறது. ஆறு மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்தேன் என்று வாதாடிப் பயனில்லை.

அதனால்தான் இப்போது ஹெய்ம்டெக்ஸ்டில் வாரத்துக்கு நான் சர்டிபிகேட் போடுவதே இல்லை. கரூர், பானிபட் என்று வீட்டுத் துணி செய்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் ஒரே இரண்டு மூன்று நாளில் ஃபிராங்க்ஃபர்ட் போகிறார்கள். அதில் பாதிப் பேரிடம் கோல்டு கார்டு இருக்கும். சென்னை விமானத்தில் ஏறினால் கோவை ரோடு கடைவீதியில் நிற்பது மாதிரி இருக்கும், அத்தனை தெரிந்த முகம். மார்ச்சில், சரக்கு வாங்குபவரைப் பார்க்கப் போகும் பயணத்துக்கு வைத்துக்கொண்டால் அதே ரூட்டில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

போகும்போதா வரும்போதா என்பதும் ஒரு கேள்வி. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் லுஃப்தான்சா நள்ளிரவு தாண்டிக் கிளம்பி விடிந்ததும் இறக்கும். ஏறக்குறைய பத்து மணி நேரம். இறங்கிய அன்றே மீட்டிங் இருக்கும். திரும்பி வரும் விமானம் பகலில் வருகிறது, வந்தால் வீட்டில் தூங்கப்போகிறோம். ஒரே ரூட்டுதான், ஆனால் போகும் வழிக்குத்தான் என்னுடைய ஓட்டு. அதற்கு முன்னால் கரூரிலிருந்து சென்னைக்கு வேறு வர வேண்டியிருக்கிறதே.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எளிய வழி. அன்றைய தேதியில் எகானமிக்கும் பிசினஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பறக்கும் மணியோடு வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, கோவை–மும்பையில் வித்தியாசம் 12,000 ரூபாய், டெல்லி–சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சர்டிபிகேட் இரண்டுக்கும் ஒன்றுதான் போகும் என்றால் எங்கே போடுவது என்று கேட்கவே வேண்டாம். காசு கொடுத்து மேல் வகுப்பு வாங்குபவருக்கு ஜிஎஸ்டியும் கூடுதல்: எகானமிக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். இந்த ஒப்பீட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: பிசினஸுக்குக் காசு கொடுத்திருப்பீர்களா என்று உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றால் ஒன்றரை லட்சம் மிச்சம் என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மகளுக்குப் பிரசவம் என்று அமெரிக்கா போகும் அம்மாக்கள் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அமெரிக்கனும் யுனைடெட்டும் உறவினருக்குப் போட்டுக்கொடுக்க விடுகின்றன. சில கம்பெனிகளில் அட்டைக்காரரும் கூடவே பறக்க வேண்டும். விற்கக் கூடாது. கம்பெனி கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடும், சேர்த்த மைல் எல்லாம் போகும்.

காலாவதித் தேதியையும் இரண்டு விதமாக எழுதுவார்கள். அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதும் என்பது ஒன்று, அந்தத் தேதிக்குள் பறந்து முடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. எது என்று படித்துவிட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி நெருங்கிவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ். பத்து நாளில் சாகப்போகிற சர்டிபிகேட்டுக்கு நல்ல ரூட்டு, மோசமான ரூட்டு கிடையாது.

போன வருடம் அப்படித்தான் ஒன்று மிஞ்சியது. காலாவதிக்குப் பன்னிரண்டு நாள். முதலாளி வீட்டு அம்மா டெல்லியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோவையிலிருந்து டெல்லிக்குப் போட்டேன். வார நடுவில் காலை விமானம், இரண்டு சீட்டு திறந்திருந்தது, உடனே உறுதியானது. ஆபரேட்டட் பை வரியை மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். விமானம் கிளம்பும் முன்பு அவரிடமிருந்து போன். சீட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"சீட்டெல்லாம் பரவாயில்லீங்க தம்பி. போர்வை ஒண்ணு குடுத்திருக்கிறாங்க. தடவிப் பார்த்தேன், ஓரத் தையல் சரியில்லை. நம்ம ஊர்ச் சரக்கு இல்லீங்க இது. யாருகிட்ட வாங்கறாங்கன்னு அய்யாவை விசாரிக்கச் சொல்லுங்க."